ஊர் வீட்டுக் கூரைக்கு இன்சுலேஷன்: முதல் லேயர் லாபம், ரெண்டாவது லேயர் தண்டம்!



உங்க சொந்த ஊர் கவுஞ்சினு வச்சுக்கோங்க. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டிப் போனா வர்ற மலைக்கிராமம். பூண்டு, உருளை, பீன்ஸ்தான் பொழைப்பு. நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சம்பளத்துல இருக்கீங்க. அப்பா, அம்மா ஊர்லயே இருக்காங்க. மார்கழி, தை வந்தா உறைபனி கொட்டுது. மேல தகர ஷீட்டு. ராத்திரி போன் பண்ணா அம்மா இருமிக்கிட்டே பேசுறாங்க. கையில போனஸ் காசு கொஞ்சம் இருக்கு. கூரைக்கு உள்பக்கமா இன்சுலேஷன் போட்டுடலாமேனு தோணுது.

கான்ட்ராக்டரைக் கேட்டா ரெண்டு ரேட் சொல்வார். 50 மி.மீ. ஒரு லேயருக்கு ஒரு ரேட், 100 மி.மீ. டபுள் லேயருக்கு ஒரு ரேட். "எப்படியும் ஆள் ஏறி வேலை செய்யுது, டபுளாவே போட்டுடுங்க தம்பி, காலத்துக்கும் நிக்கும்"னு சொல்வார். கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். தகரக் கூரைக்கு அடியில எதுவுமே இல்லாத வீட்டுல முதல் லேயர் போடுறது நல்ல முடிவு. ரெண்டாவது லேயர் பெரும்பாலும் தண்டச் செலவு. அந்தக் காசுக்கு அதே வீட்டுல இதைவிட நல்ல வேலை நிறைய இருக்கு. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

கூரை வழியா எவ்வளவு சூடு போகுது?

கணக்கு ரொம்ப எளிமை. கூரையின் பரப்பு, உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்ப வித்தியாசம், அந்தக் கூரை சூட்டை எவ்வளவு சுலபமா விடுதுங்கிற எண். இந்த மூணையும் பெருக்கினா வீணாகுற வாட் வந்துடும். அந்த மூணாவது எண்ணுக்கு யூ-வேல்யூனு பேர். அது குறையக் குறைய நல்லது.

பெத்தவங்க படுக்கிற ரூம் 10-க்கு 12 அடினு எடுத்துக்குவோம். 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். வெளியே 6 டிகிரி, உள்ளே 16 டிகிரி வச்சுக்கணும்னு ஆசை. வித்தியாசம் 10 டிகிரி. வெறும் தகரத்துக்கு யூ-வேல்யூ சுமார் 6. கிளாஸ்வூல், ராக்வூல் மாதிரி பொருள் போட்டா இப்படி மாறுது:

- வெறும் தகரம்: சுமார் 660 வாட் வீணாகும்
- 50 மி.மீ. இன்சுலேஷன்: சுமார் 78 வாட்
- 100 மி.மீ.: சுமார் 41 வாட்
- 200 மி.மீ.: சுமார் 21 வாட்

இந்த நாலு வரியைத் திரும்ப ஒரு தடவை படிங்க. முதல் 50 மி.மீ. 582 வாட்டை மிச்சம் பண்ணுது. அடுத்த 50 மி.மீ. மிச்சம் பண்றது வெறும் 37 வாட். அதுக்கு மேல இன்னொரு 100 மி.மீ. அடுக்கினா 20 வாட்.

பசியோட இருக்கும்போது முதல் தோசை தர்ற திருப்தியை அஞ்சாவது தோசை தராதுல்ல, அதே கதைதான். ஆனா ஹோட்டல்காரர் அஞ்சாவது தோசைக்கும் அதே விலைதான் போடுவார்!

இப்போ ரூபாய்க்கு மாத்துவோம்

டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 120 ராத்திரி, ராத்திரிக்கு 8 மணி நேரம் ஹீட்டர் ஓடுதுனு வச்சுக்குவோம். ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய்னு ஒரு கணக்குக்கு எடுத்துக்கறேன். உங்க வீட்டு எண் வேற மாதிரி இருக்கலாம், அதைப் பின்னாடி சொல்றேன்.

- முதல் 50 மி.மீ.: வருஷத்துக்கு சுமார் 559 யூனிட் மிச்சம், சுமார் 3,350 ரூபாய்
- ரெண்டாவது 50 மி.மீ.: சுமார் 36 யூனிட், சுமார் 215 ரூபாய்
- அதுக்கு மேல 100 மி.மீ.: சுமார் 19 யூனிட், சுமார் 115 ரூபாய்

மார்க்கெட் ரேட் ஊருக்கு ஊர் மாறும், மலை மேல ஏத்துற வண்டி வாடகை வேற சேரும். அதனால நான் ரேட் சொல்லப் போறதில்ல. அதுக்குப் பதிலா, நீங்க அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்னு சொல்றேன். போட்ட காசு 5 வருஷத்துல திரும்பணும்னு நினைச்சா:

- முதல் லேயருக்கு சதுர அடிக்கு சுமார் 140 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம்
- ரெண்டாவது லேயருக்கு சுமார் 9 ரூபாய்தான் கொடுக்கலாம்
- மூணாவதா வர்ற 100 மி.மீ.க்கு 5 ரூபாய்கூடத் தேறாது

பொருள், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து கான்ட்ராக்டர் சொல்ற ரேட்டை இந்த எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க. சதுர அடிக்கு 9 ரூபாய்க்கு ரெண்டாவது லேயர் போட்டுக் கொடுக்குறவர் யாராவது இருந்தா, தாராளமா போட்டுக்கோங்க!

"ஆனா எஃப்டி-ல வட்டி வருதே, அதோட எப்படி ஒப்பிடுறது?"னு கேட்பீங்க. நல்ல கேள்வி. முதல் லேயருக்கு சதுர அடிக்கு 100 ரூபாய் ஆச்சுன்னா மொத்தம் 12,000 ரூபாய். வருஷம் 3,350 மிச்சம். நாலு வருஷத்துக்குள்ள முதல் திரும்பிடும், அதுக்கப்புறம் வர்றது எல்லாம் லாபம். ரெண்டாவது லேயருக்கு சதுர அடிக்கு 40 ரூபாய்னா 4,800 ரூபாய். வருஷம் 215. பத்து வருஷம் ஆனாலும் 2,150தான். போட்ட காசுல பாதிகூட வரல. எஃப்டி-ல வட்டி போக முதல் அப்படியே இருக்கும். கூரைக்குள்ள போன முதல் திரும்பி வராது. இந்த வித்தியாசத்தை மறந்துட்டு வெறும் சதவீதத்தை மட்டும் ஒப்பிடாதீங்க.

"ஏற்கெனவே பலகை மச்சு இருக்கே?"

மலைப்பக்கம் சில வீடுகள்ல தகரத்துக்குக் கீழ பலகை அடிச்சு மச்சு போட்டிருப்பாங்க. மேல பரண்ல சாமான் கிடக்கும். உங்க வீடு அப்படினா கணக்கு மாறுது. முக்கால் இன்ச் பலகையும், அதுக்கும் தகரத்துக்கும் நடுவுல உள்ள காற்றும் சேர்ந்து ஏற்கெனவே பெரிய வேலையைச் செஞ்சுட்டிருக்கு. வீணாகுறது 660 வாட் இல்ல, சுமார் 220 வாட்தான். அது மேல 50 மி.மீ. பரப்பினா சுமார் 63 வாட்டுக்கு இறங்கும். வருஷத்துக்கு 150 யூனிட், சுமார் 900 ரூபாய் மிச்சம். 5 வருஷக் கணக்குல சதுர அடிக்கு 38 ரூபாய்க்குள்ள முடிஞ்சா போடலாம். மச்சு மேல பரப்புறது சுலபமான வேலைங்கிறதால இது சில வீட்டுக்குக் கட்டுப்படி ஆகும். ஆனா "பக்கத்து வீட்டுல போட்டாங்க, பயங்கரமா வித்தியாசம் தெரியுது"னு சொன்னா, பக்கத்து வீட்டுல முன்னாடி மச்சு இருந்துச்சானு முதல்ல கேளுங்க.

வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு முடிவு எடுக்காதீங்க

யூடியூப்ல பிரிட்டன்காரங்க பரண்ல முழங்கால் அளவுக்கு பஞ்சு பரப்புறதைப் பார்த்திருப்பீங்க. அங்க பரிந்துரை 270 மி.மீ. அவங்க ஊர்ல வருஷத்துல பாதி நாள், வீடு முழுக்க சூடேத்துறாங்க. மிச்சமாகுற ஒவ்வொரு வாட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்குக் கணக்காகுது. கவுஞ்சில ஒரு ரூம், நாலு மாசம், ராத்திரி மட்டும். அவங்க சட்டை நமக்கு தொளதொளனுதான் இருக்கும்.

நம்ம நாட்டுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. மத்திய மின்துறை 2018-ல் கொண்டுவந்த 'ஈகோ-நிவாஸ் சம்ஹிதா'ங்கிற குடியிருப்புக் கட்டட விதி, கூரையின் யூ-வேல்யூ 1.2-க்கு மேல போகக் கூடாதுனு சொல்லுது. பெரிய கட்டடங்களை மனசுல வச்சு எழுதின விதிதான், உங்க வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனா ஒரு அளவுகோலா எடுத்துக்கலாம். 50 மி.மீ. போட்டாலே உங்க கூரை 0.7-க்கு வந்துடுது. பாஸ் மார்க் எப்பவோ தாண்டியாச்சு.

ஹீட்டரே இல்லாத வீடா? அப்போ வேற கணக்கு

இதுவரைக்கும் சொன்ன மிச்சம் எல்லாம் ஒரே ஒரு நிபந்தனைல நிக்குது: இப்போ ஹீட்டருக்கு கரண்ட் பில் கட்டிட்டு இருக்கணும். செலவே செய்யாத இடத்துல மிச்சம் எங்கிருந்து வரும்?

ஊர்ல பல வீட்டுல ஹீட்டர் கிடையாது. ரெண்டு கம்பளி, ஒரு ஸ்வெட்டர், தலைக்கு மஃப்ளர், அடுப்படில கொஞ்ச நேரம் குளிர் காய்ஞ்சுட்டுப் படுத்துடுவாங்க. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம்ங்கிறதால, பில்லே பெருசா வராத வீடும் இருக்கும். அந்த வீட்டுல இன்சுலேஷன் போட்டா ரூபாய் மிச்சம் பூஜ்யம்.

அப்போ போடக் கூடாதா? போடலாம். ஆனா அதை 'முதலீடு'னு சொல்லி உங்களை நீங்களே ஏமாத்திக்காதீங்க. அது மருத்துவச் செலவு மாதிரி, அப்பா அம்மாவுக்கான செலவு. குளிர் நாடுகளுக்கும் மித வெப்ப நாடுகளுக்கும் வீட்டுக்குள்ள குறைஞ்சது 18 டிகிரி இருக்கறது பாதுகாப்புனு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கு. வயசானவங்களுக்குக் குளிர்ல ரத்த அழுத்தம் ஏறும், மூச்சுத் தொந்தரவு கூடும். இதுக்கு ரிட்டர்ன் சதவீதம் போட முடியாது, போடவும் வேணாம். பட்ஜெட்ல 'பெத்தவங்க' வரியில எழுதுங்க, 'முதலீடு' வரியில எழுதாதீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இன்சுலேஷன் தானா சூட்டை உண்டாக்காது. கம்பளி மாதிரிதான், உள்ளே இருக்கிற சூட்டைப் பிடிச்சு வைக்கும். ரெண்டு பேர் மூச்சு, உடம்புச் சூடு, பகல் வெயில்ல சூடான சுவர் இதெல்லாம் ராத்திரி சீக்கிரம் வடிஞ்சு போகாம இருக்கும். வெளியே 6 டிகிரினா உள்ளே தானா 18 ஆகிடாது.

ஹீட்டர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட் இல்லாத 2,000 வாட் ஹீட்டரை, இன்சுலேஷன் போட்ட பிறகும் ராத்திரி முழுக்க ஓட விட்டா பில் ஒரு பைசா குறையாது, ரூம்தான் வெந்நீர் அண்டா மாதிரி ஆகும். சூடு போதும்னதும் தானா நிக்கிற ஹீட்டரா பாருங்க. இல்லேன்னா அணைக்கிற பழக்கம் வேணும்.

ரெண்டாவது லேயர் காசை எங்க போடலாம்?

என் வரிசை இதுதான்.

1. புகை. படுக்கிற ரூம்லயே, இல்ல அதை ஒட்டியே விறகு அடுப்பு எரியுதா? முதல்ல புகைபோக்கியைச் சரி பண்ணுங்க, அடுப்படியைத் தனியாப் பிரிங்க. அம்மாவோட இருமலுக்குக் குளிரைவிடப் புகை பெரிய காரணமா இருக்கலாம். புகை போக வழி பண்ணாம கூரையை அடைக்கவே கூடாது.

2. சந்து. சுவரும் ஷீட்டும் சேர்ற இடத்துல கை நுழையுற அளவுக்கு இடைவெளி இருக்கும். ஷீட்டோட நெளிவு வழியா காத்து விசிறி போட்ட மாதிரி வரும். கதவுக்கு அடியில இன்னொரு சந்து. இதை அடைக்காம 50 போட்டாலும் 100 போட்டாலும் ஓட்டை வாளில தண்ணி பிடிக்கிற கதைதான். ஆனா ரூமை முழுசா சீல் பண்ணாதீங்க, காத்து வந்து போக ஒரு சின்ன வழி எப்பவும் வேணும்.

3. படுக்கை. ரூமையே சூடேத்துறதைவிட ஆளைச் சூடா வச்சுக்கறது மலிவு. மின்கம்பளி ஒண்ணு சுமார் 100 வாட்தான் இழுக்கும். நல்ல மெத்தை, நல்ல கம்பளி, இதுக்கு ஆகுற செலவு கூரை வேலையோட ஒப்பிட்டா கொஞ்சம்தான். உயரம் அதிகமுள்ள ரூம்னா படுக்கிற ரூமுக்கு மட்டும் தாழ்வா சீலிங் போட்டா போதும், வீடு முழுக்க வேணாம்.

4. அதுக்கப்புறம் முதல் 50 மி.மீ. படுக்கிற ரூமுக்கு மட்டும்.

கரி அடுப்பு: இதை மட்டும் மறக்காதீங்க

ரூமுக்குள்ள கரி அடுப்போ, தணல் சட்டியோ வச்சுக் குளிர் காயுற பழக்கம் இருந்தா, இன்சுலேஷன் போடுற நாளோட அதை நிறுத்தணும். எரியுற கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. தூங்குறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. இதுநாள் வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னா, அந்த ஓட்டைக் கூரைச் சந்துதான் காப்பாத்திட்டு இருந்திருக்கும். நீங்க ஆசையா காசு போட்டு அந்தச் சந்தை அடைச்சுட்டு, உள்ளே தணல் சட்டியை விட்டுட்டா, நல்லது பண்றேன்னு போய் பெத்தவங்க உயிருக்கே ஆபத்தைக் கொண்டு வந்த மாதிரி ஆகிடும். அப்பா "எங்க காலத்துல இருந்து வச்சுட்டுதான் இருக்கோம்"னு சொல்வார். பொறுமையா உக்காந்து புரிய வைங்க. இதுல விட்டுக் கொடுக்காதீங்க.

பொருள் வாங்கும்போது

கிளாஸ்வூல், ராக்வூல்: தீப்பிடிக்காது. ஆனா நனைஞ்சா வேலைக்கு ஆகாது. கவுஞ்சி மாதிரி மூடுபனி ஊர்ல ரூம்ல இருந்து எழும்புற ஈரக்காத்து குளிர்ந்த தகரத்துல பட்டு சொட்டுச் சொட்டா வடியும். அதனால ரூம் பக்கம் பாலிதீன் ஷீட் அடிச்சு ஈரம் மேல போகாம தடுக்கணும். மேல தகரத்துக்கும் பஞ்சுக்கும் நடுவுல கொஞ்சம் காத்தோட்டம் விடணும். எலி கூடு கட்டாத மாதிரி ஓரங்களை வலை போட்டு அடைக்கணும். எத்தனை லேயர்ங்கிறதைவிட இந்த வேலை சுத்தமா நடக்குதானு பார்க்கறதுதான் முக்கியம்.

தெர்மாகோல்: மலிவு, சூட்டையும் நல்லாத் தடுக்கும். ஆனா தீப்பிடிச்சா உருகி எரியும், விஷப்புகை விடும். விறகு அடுப்பு இருக்கிற வீட்டுல வேணவே வேணாம்.

பஃப் ஷீட்: ரெண்டு தகடுக்கு நடுவுல ஃபோம் வச்சது. 30 மி.மீ. பஃப், 50 மி.மீ. கிளாஸ்வூலுக்குச் சமம். பழைய ஷீட் துருப்பிடிச்சு எப்படியும் மாத்தியாகணும்னா இது நல்ல வழி. கூரை, இன்சுலேஷன் ரெண்டும் ஒரே வேலையில முடியும். நல்லா இருக்கிற ஷீட்டைக் கழட்டிட்டு இதைப் போடாதீங்க.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: அதுல துளை போடுறது, அறுக்கறது வேணாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. சுவர்ல இருந்து தனிச் சட்டம் அடிச்சு சீலிங் தொங்க விடுங்க.

ஆட்டு ரோமம்: பக்கத்துல மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி மையமே இருக்கு, பாரத் மெரினோ ஆடு வளர்க்குறாங்க. "ரோமத்தையே கூரைல அடைச்சுட்டா என்ன?"னு தோணும். சுத்தம் பண்ணி, பூச்சி மருந்து போட்டுப் பதப்படுத்தின ரோமம் கிளாஸ்வூல் அளவுக்குச் சூடு தாங்கும், வெளிநாட்டுல விக்கிறாங்க. பதப்படுத்தாத பச்சை ரோமத்தை அடைச்சா அந்துப்பூச்சிக்கு விருந்து வைக்கிறதுதான் மிச்சம். கம்பளியா வாங்கிப் போர்த்திக்கோங்க, அதுதான் அதோட சரியான இடம்.

உங்க வீட்டுக் கணக்கை நீங்களே போடுங்க

ரெண்டு மார்கழி பில்லையும், ரெண்டு ஆனி பில்லையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வைங்க. குளிர்காலத்துல எத்தனை யூனிட் கூடுதுனு பாருங்க. அந்தக் கூடுதல் யூனிட்தான் உங்களால மிச்சம் பண்ண முடியுற உச்ச அளவு. அதுக்கு மேல மிச்சம்னு யார் சொன்னாலும் கதை.

யூனிட் விலையை எப்படி எடுக்கறது? மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுக்காதீங்க. கடைசியா எந்த ஸ்லாப்ல நிக்கிறீங்களோ அந்த ரேட்டை எடுங்க, ஏன்னா மிச்சமாகுறது மேல இருந்துதான் குறையும். முக்கியமா ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டுற வீடானா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ கிடைச்ச சலுகையும் போயிடும். 500-க்குக் கொஞ்சம் மேல இருக்கிற வீட்டுக்கு முதல் லேயர் ரொம்ப சீக்கிரம் காசைத் திருப்பிக் கொடுக்கும். 200 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு அது பெத்தவங்க சௌகரியத்துக்கான செலவு மட்டும்தான்.

வீட்டை ஹோம்ஸ்டே மாதிரி விடுறீங்கன்னா, விருந்தாளிங்க ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓட விடுவாங்க, பில் உங்களுது. அங்கயும் முதல் லேயருக்கு யோசிக்கவே வேணாம். ரெண்டாவது லேயருக்கு? அங்கயும் அதே 37 வாட்தான்!

கடைசியா ஒரு வார்த்தை

ஊர்ல இருந்து தூரமா இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட இருந்து பார்த்துக்க முடியலையேங்கிற குறையை, வாங்குற பொருளோட சைஸ்ல ஈடு கட்டப் பார்ப்போம். பெரிய டிவி, பெரிய ஃபிரிட்ஜ், டபுள் லேயர் இன்சுலேஷன். கான்ட்ராக்டருக்கும் கடைக்காரருக்கும் இது நல்லாத் தெரியும். "அப்பா அம்மாவுக்குத்தானே, கணக்குப் பார்க்கலாமா?"னு ஒரு வார்த்தை போட்டா நாம உடனே தலையாட்டிடுவோம்.

கணக்குப் பார்க்கறது பாசம் குறைவுனு அர்த்தம் இல்ல. 4,800 ரூபாயைக் கூரைக்குள்ள யார் கண்ணுக்கும் தெரியாம அடுக்குறதுக்குப் பதிலா, அந்தக் காசுல புகைபோக்கி, ஒரு மின்கம்பளி, ஊருக்கு ஒரு தடவை பஸ் டிக்கெட்னு போட்டா அப்பா அம்மாவுக்கு அந்தக் குளிர்காலம் நிஜமாவே கொஞ்சம் சுலபமாகும். அப்படியே ஊருக்குப் போகும்போது, ராத்திரி அவங்க ரூம்ல ஒரு தெர்மாமீட்டர் வச்சு எத்தனை டிகிரினு பாருங்க. கூரைக்கு எவ்வளவு போடணும்ங்கிறதை அந்த எண்ணை வச்சு முடிவு பண்ணுங்க.

உங்க ஊர் கூரை எந்த வகை, குளிர்காலத்துல எத்தனை யூனிட் கூடுதுனு கமெண்ட்ல போடுங்க. கணக்கை சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.